தவணை முறையில் ஒரு என்ஜின்

ஒஹையோவில் மார்ச் மாதக் காற்றுக்கு
இரக்கம் கிடையாது.
தானியக் கிடங்குக்குப் பின்னால்
இரட்டைத் தண்டவாளத்தைப் பார்த்தபடி
காலை ஆறிலிருந்து நாங்கள் ஐந்து பேர்.
ஆபீஸுக்குப் பல்வலி என்று சொல்லிவிட்டு வந்தவன் நான்.
ஏழு மணிக்குப் பல் நிஜமாகவே வலித்தது.

ஊதாவும் வெண்ணெய் மஞ்சளுமாய் ஒன்று வருகிறதாம்,
சயோட்டோ சென்ட்ரலின் பழைய நிறம்.
அந்தக் கம்பெனியை விழுங்கிய கம்பெனியே
விழுங்கியதன் சட்டையை எடுத்து
ஒரே ஒரு என்ஜினுக்கு மாட்டி
ஊர் ஊராய் அனுப்பியிருக்கிறது.
மற்றதெல்லாம் கறுப்பு.

ஆர்லன் ஸ்டட்ஸ்மன் வேனுக்குள் இருந்தபடி
ரேடியோவைக் காதோடு ஒட்டி,
"லைமாவைத் தாண்டிவிட்டது" என்றார்.
அது பத்தரைக்கு.
ஒன்றரைக்கும் அதையே சொன்னார்.

லொரெட்டா மட்டும் கேமரா கொண்டுவரவில்லை.
அவள் அப்பாவின் இரண்டு விரல்கள்
சயோட்டோ சென்ட்ரலின் கொக்கி ஒன்றில் போயின.
அந்தக் கிறிஸ்துமஸுக்குக் கம்பெனி
வான்கோழி அனுப்பியது.
நல்ல எடை, என்றாள்.

மூன்று ஐம்பதுக்கு மேற்கே விளக்கு.
முக்காலிகள் நிமிர்ந்தன.
அதே நொடி கிழக்கிலிருந்து
எங்களுக்கும் அதற்கும் நடுவே
கரி ஏற்றிய வண்டி,
நூற்றுப் பத்துப் பெட்டி.

பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில்
ஒரு சாண் வெளிச்சத்தில் பார்த்ததுதான்:
ஊதா.
கரி.
மஞ்சளின் ஒரு விளிம்பு.
கரி.
எண்ணில் ஒரு எட்டு, அல்லது மூன்று.
கரி.
ஜன்னலில் யாருடைய முழங்கையோ.
கரி, கரி, கரி.

டெவின் ஒரு கெட்ட வார்த்தையை
முழுசாகச் சொல்லி முடிக்குமுன்
அது போய்விட்டது.
கரி வண்டி இன்னும் போய்க்கொண்டிருந்தது,
அவசரமே இல்லாமல்.

ஆர்லன் எடுத்தது இருபத்தேழு படம்.
இருபத்தாறில் கரிப்பெட்டி.
ஒன்றில் மட்டும் கட்டைவிரல் அகலத்துக்கு ஊதா.
லொரெட்டா வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள்.
"இது அந்த நிறம் இல்லை.
அது எப்போதும் அழுக்காக இருக்கும்.
எங்கள் வீட்டுச் சோப்பு அந்த நிறம்."

யாரும் மறுக்கவில்லை.
முக்காலிகளை மடக்கினோம்.
வேன் கதவைச் சாத்தப் போகையில் கேட்டாள்:
"திரும்பி எந்தப் பக்கம் வரும்?"
"வெள்ளிக்கிழமை. டாலெடோ வழியாக. ஒருவேளை."

கையுறையைக் கழற்றி
உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்,
ஐந்து விரலையும் விரித்து.