படிவத்தில் இல்லாத வரி

மபுட்டோ துறைமுகக் கிடங்கில்
நானூறு பெட்டி,
ஒவ்வொன்றிலும் விரலைக் கவ்வும் சின்னக் கருவிகள்.
ஃபெலிசார்தா மாக்குவாக்குவா
ஒன்றை எடுத்துத் தன் விரலில் மாட்டினாள்:
தொண்ணூற்றெட்டு.
காவலர், லாரிக்காரர், சுங்கத்துறைப் பையன்,
எல்லோருக்கும் தொண்ணூற்றெட்டு.
சரிதான், நாலு பேருக்கும் நல்ல மூச்சு.

மத்திய மருத்துவமனையில்
நிமோனியாவோடு கிடந்த மீனவருக்கும்
தொண்ணூற்றைந்து என்றது அது.
மணிக்கட்டில் குத்தி எடுத்த ரத்தமோ
எண்பத்தாறு என்றது.

எங்கோ குளிர்நாட்டில்
வெளுத்த விரல்களில் சோதித்துத் தந்த சான்றிதழ்,
முத்திரைமேல் முத்திரை.
நம் படிவமும் கேட்டது
எடையை, பேட்டரியை, உறையின் தடிமனை.
யார் தோலில் பார்த்தீர்கள் என்று
கேட்கவே இல்லை.

பதினெட்டாம் வரிக்கும் பத்தொன்பதுக்கும் நடுவே
ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டாள்.
மை கொஞ்சம் கசிந்தது.
"புது வரியா?" என்ற இயக்குநர்
கண்ணாடியைத் துடைத்தார்,
துடைத்துக்கொண்டே இருந்தார்,
பிறகு கையெழுத்திட்டார்.

பெட்டிகளுக்குச் சிவப்பு நாடா.

மாலையில் நம்புலாவிலிருந்து போன்.
"முப்பது கட்டில், ஒரு கருவி இல்லை.
பொய் சொல்வதையாவது அனுப்புங்கள்,
பொய்யை நாங்கள் கழித்துக்கொள்கிறோம்"
என்றாள் ஒரு செவிலி.

எவ்வளவு கழிப்பாய் என்று கேட்க
வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள்.
ஆளுக்கு ஆள் அது வேறு பொய்.

வீடு திரும்பும் வேனில்
கூட்டத்தோடு கூட்டமாய் நின்றபடி
மேல்கம்பியைப் பற்றிய விரல்களைப் பார்த்தாள்,
இறங்கவேண்டிய இடம் தாண்டும்வரை.