தலைக்கனம்

முதல் நாள் வைதோத்தஸ் என் அறைக்குள் வந்து
வணக்கம் சொல்லத் திரும்பினார்.
தலை திரும்பவில்லை.
இடுப்பிலிருந்து மொத்த ஆளும் திரும்பினார்,
அவர் ஓட்டும் கிரேனைப் போலவே.

கிளைப்பேடா துறைமுகத்தில் பத்தொன்பது வருடம்.
நாற்பத்தாறு மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி,
காலடியிலும் கண்ணாடி.
முழங்கால்களுக்கு நடுவே குனிந்து பார்த்தால்
கப்பல், கப்பலுக்குள் கன்டெய்னர்,
கன்டெய்னர் ஓரத்தில்
மஞ்சள் தொப்பி போட்ட ஒரு புள்ளி.
"வெட்கத்தில் குனிந்த தலை இல்லை, டாக்டர்.
இருபத்தாறு டன்னுக்குக் குனிந்தது."
நான் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட்.
மூன்று முறை திருத்திவிட்டு விட்டுவிட்டேன்.

பக்கவாட்டில் நிறுத்திப் படம் எடுத்தேன்.
காதிலிருந்து ஒரு தூக்குநூல் விட்டால்
தோளில் விழ வேண்டும்.
ஆறரை சென்டிமீட்டர் முன்னால், காற்றில் விழுந்தது.

தலை ஐந்து கிலோ என்றேன்.
நேராக வைத்தால் எலும்பு சுமக்கும்,
முன்னே நீட்டினால்
பின்கழுத்துத் தசை இழுத்துப் பிடித்தே சாகும்.
கனம் தலையில் இல்லை, தூரத்தில் இருக்கிறது.
"எதிர்ப்பாரம் போதவில்லை என்கிறீர்கள்" என்றார்.
என் மாணவர்களுக்கு இது புரிய
ஒரு பருவம் ஆகும்.

மோவாயை உள்ளே இழுங்கள்,
பத்து எண்ணுங்கள், விடுங்கள்.
வீட்டில் கண்ணாடி முன் செய்யும்போதெல்லாம்
"இப்போது என்ன நாறுகிறது?" என்று
மனைவி கேட்கிறாளாம்.

ஆறு வாரத்தில் ஆறரை நாலானது.
வலி எவ்வளவு, பத்துக்கு?
ஏழு.
முதல் நாளும் ஏழுதான்.

பிப்ரவரியில் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தார்.
பை நிறைய ஸ்டின்டா மீன்.
அறை முழுக்க அப்போதே நறுக்கிய வெள்ளரிக்காய் வாசம்;
அந்த மீனுக்கு அப்படித்தான்.
காயல் உறைந்துவிட்டது, ஞாயிறு முழுக்கப் பனிமேல் இருந்தேன் என்றார்.
எப்படி உட்கார்ந்திருந்தீர்கள்?
சிறு பெட்டிமேல்.
துளையைப் பார்த்துக்கொண்டா?
ஆமாம்.
எவ்வளவு நேரம்?
"ஏழு மணி நேரம் இருக்கும்..."

உட்கார்ந்து காட்டச் சொன்னேன்.
அதே குனிவு. அதே முழங்கால்கள், நடுவே தரை.
கோணமானியை வைத்தேன், பாகை மாறவில்லை.
வலித்ததா?
யோசித்தார். அதை யோசித்ததே இல்லை போலும்.
"இல்லை."
கொஞ்ச நேரம் இருவரும் பையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
"மீன் நழுவினால் யாரும் சாவதில்லை" என்றார்,
மன்னிப்புக் கேட்பதுபோல.

அடுத்த அறையில் வேலை செய்யும் யுர்கிதாவுக்குக்
கொக்குபோல நீண்ட கழுத்து,
என் தூக்குநூலுக்கு அவள் ஒரு அவமானம்.
ஒரு நாள் வலித்ததில்லை அவளுக்கு.
இதை நான் நோயாளிகளிடம் சொல்வதில்லை.

அட்டையில் கோணம் என்ற கட்டத்தை நிரப்பினேன்.
காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும்
பேனா மை தீர்ந்ததாக நடித்தது.
உடற்பயிற்சியை நிறுத்த வேண்டாம் என்றேன்.
மேலே ஏறுமுன் கீழே நிற்பவனிடம்
பெயர் கேட்டுப் பேசிவிட்டு ஏறுங்கள் என்றும் சொன்னேன்;
எந்தப் புத்தகத்தில் படித்தேன் என்று அவர் கேட்கவில்லை.

இரவு, தொட்டிமேல் குனிந்து
நாற்பது மீனுக்குத் தலை கிள்ளினேன்.
எவ்வளவு நேரமாயிற்று என்று
என் கழுத்து சொல்லவேயில்லை.