இணைப்பு ஏழு

சுரங்கத்தின் கடைசிக் கூண்டு
மேலே வந்து பதினோரு ஆண்டாகிறது.
கோபுரச் சக்கரத்துக்கு நகராட்சி
பச்சை வண்ணம் அடித்திருக்கிறது.
ஆஸ்டூரியாஸின் ஒரு மலைமடிப்பு;
மழை என்று சொல்ல முடியாத மழையில்
என் வினாத்தாள்கள் ஊறிப்போயின.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
போடுவது அரசு.
அளப்பது நான்.

கேள்வி ஒன்று:
இங்கே செலவாகும் ஒரு யூரோ
ஊரை விட்டுப் போகுமுன்
எத்தனை கை மாறுகிறது?

செவ்வாய்க்கிழமை எலொய்னாவின் கடையில்
ஒரு யூரோ பத்து சென்ட்டுக்கு
ஒரு லிட்டர் பால் வாங்கினேன்.
அட்டைப்பெட்டியில் ஒரு மாடு சிரித்தது.
சன்னலுக்கு வெளியே, சரிவில்,
சிரிக்காத மாடுகள் எட்டு. எர்மினியோவுடையவை.
அவற்றின் பால் விடியுமுன் லாரியேறி
இருநூற்றுப் பத்து கிலோமீட்டர் போய்
கொதித்து, ஆறி, பெட்டிக்குள் அடைபட்டு,
வேறொரு லாரியில் அதே வளைவுகளில் திரும்பி
கறந்த இடத்துக்கு நானூறு எட்டு தள்ளி
அலமாரியில் நிற்கிறது.
எர்மினியோவுக்கு முப்பத்தொன்பது சென்ட்.
எலொய்னாவுக்கு ஏழு.
மிச்சம் அறுபத்து நான்கும் மலை தாண்டிவிட்டன.
என் அட்டவணையில் இதற்குக் கசிவு என்று பெயர்.

"கசிவா?" என்றாள் எலொய்னா.
"அடியே இல்லாத வாளியில் எங்கேயம்மா கசிவு?"

ஊரின் பெருந்தொழில் எது என்று
மூன்று வாரம் கூட்டிக் கழித்தேன்.
இரும்பில்லை, பாலில்லை.
ஓய்வூதியம்.
மாதம் இருபத்தைந்தாம் தேதி
ஆப்பிள் மதுக்கடையில் நாற்காலி கிடைக்காது.
நாற்பத்தெட்டு வயதில் சுரங்கம் வீட்டுக்கு அனுப்பிய பெலார்மினோ
தன் பணத்தில் பாதியை
மாட்ரிட்டில் மகளின் வாடகைக்கு அனுப்புகிறார்.
அட்டவணையில் அதுவும் கசிவுதான்.
அந்தச் சொல்லை அவரிடம் நான் சொல்லவில்லை.

கேள்வி பதினான்கு, தொழில் நடத்துவோருக்கு:
உங்கள் நிறுவனம் வளரத் தடை எது?
கடன், வரி, மின்கட்டணம் என்று
கட்டம் போட்டுத் தந்திருந்தேன்.
நேலிதா எந்தக் கட்டத்தையும் தொடவில்லை.
சுரங்கத்தார் கரி கழுவிய பழைய குளியல்கூடத்தில்
உயரத்தில் வேலை செய்பவர்களுக்கான
இடுப்புப் பட்டைகள் தைக்கிறாள்.
பதினொரு பேர் இருக்கிறார்கள்;
இருபது பேருக்கு வேலை இருக்கிறது.
ஓரத்தில் எழுதினாள்: பேருந்து.

பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து முதல் வண்டி
ஒன்பது பத்துக்கு வருகிறது.
இயந்திரங்கள் ஏழுக்கு ஓடத் தொடங்குகின்றன.
கார் இல்லாதவனுக்கு அங்கே வேலை இல்லை,
வேலை இல்லாதவனுக்குக் கார் ஏது?

அதே சொல்லை இன்னும் நான்கு பேர்
நான்கு ஊர்களில், ஓரத்தில்.

இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன்.
ஆலோசகர் நல்லவர், காப்பி வாங்கித் தந்தார்.
"பேருந்து என்று தொடங்கினால்
அமைச்சர் இரண்டாம் பக்கம் புரட்டுவாரா?"
முதல் அத்தியாயம் புத்தாக்க மையமாயிற்று.
பேருந்து, இணைப்பு ஏழில், சிறிய எழுத்தில்,
ஒரு வருடம் அதை ஓட்ட ஆகும் செலவோடு:
மையத்தின் முகப்புக் கண்ணாடியைவிடக் குறைவு.

திறப்பு விழாவில் கண்ணாடி நன்றாயிருந்தது.
எல்லோரும் காரில் வந்திருந்தார்கள்.

மறுநாள் நேலிதா கூப்பிட்டாள்.
பழைய வேன் ஒன்று வாங்கிவிட்டாளாம்,
மீன்காரரிடமிருந்து. வாடை போகவில்லை.
ஏழு இருக்கை. எட்டுப் பேர்.
எட்டாமவன், பத்தொன்பது வயது,
கருவிப்பெட்டிமேல் உட்கார்ந்து
வளைவுதோறும் கூரையைப் பிடித்துக்கொண்டான்.
நான் முன்னிருக்கையில், மடியில் குறிப்பேடு.
டீசல் கசிவு. காப்பீடு கசிவு.
அவள் ஆறேகாலுக்கு எழுந்ததை
எந்த வரிசையில் எழுதுவதென்று தெரியவில்லை.

இரண்டாம் பாலத்துக்கு அப்பால்
சாலை நடுவே எர்மினியோவின் மாடு ஒன்று,
அசைபோட்டபடி.
வேன் நின்றது.
நேலிதா ஒலியெழுப்பவில்லை.
ஆறு ஐம்பத்திரண்டு என்று குறித்துக்கொண்டேன்.