மாடி அறையின் வாடகை

எழுபத்தேழு அக்டோபர், முன்பணம் அறுபது ரூபாய்.
என் கணக்கு நோட்டில் முதல் வரி அது.
ஒன்றுபட்ட குன்றுகள் கட்சிக்கும் அதுவே முதல் வரி;
கொள்கை, கொடி, செயற்குழு எல்லாம்
அப்புறம் என் மாடியில் உட்கார்ந்து எழுதியவை.

காசி மலையில் வீடு கடைசி மகளுக்கு.
அண்ணன்மார் பெண்டாட்டி வீட்டுக்குப் போய்விட்டார்கள்.
எனக்கு மவ்லிங்காட் சந்தை முனையில்
தகரக் கூரை, ஏழு சன்னல், ஒழுகுகிற மாடி.
ஒழுகுகிற அறைக்கு யார் வருவார்?
கட்சி வந்தது.

சின்னம் க்னுப்:
நாற்று நடுகிற பெண்கள் முதுகில் கவிழ்த்துக்கொள்ளும்
மூங்கில் மழைக்கூடை.
பாஹ் க்ளோரிவெல் அதை வரைந்த அன்று
சட்டத்திலிருந்து சொட்டிய நீர் மசியில் கலந்தது.
முதல் தேர்தலில் ஏழு இடம்.
"சன்னலுக்கு ஒன்று, கோங்" என்று சிரித்தார்.
அந்த மாத வாடகை ரொக்கமாக வந்தது,
கூடவே ஒரு பன்றித் தொடை.

எண்பத்துமூன்றில் பதினைந்து. மந்திரிகள் நாலு பேர்.
ஷில்லாங்கில் கண்ணாடி பதித்த கட்டடம் பார்த்துக்கொண்டார்கள்.
பலகையைக் கழற்றினார்கள், ஆணி சுவரிலேயே நின்றது.
"மறக்க மாட்டோம்."
நான் அறையில் உருளைக்கிழங்கு கொட்டிவைத்தேன்.

எண்பத்தெட்டில் மூன்று.
பலகை திரும்பி வந்தது. அதே ஆணி.
அன்றுதான் கணக்கு பிடிபட்டது:
ஜெயித்தால் அறை காலி,
தோற்றால் ஆள் உண்டு, வாடகை கிடையாது.

தொண்ணூற்றுமூன்றில் ஒன்பது பேர்.
ஆட்சி அமைக்க ஒன்பது பேர்தான் குறைந்தது யாருக்கோ.
இரவோடு இரவாகக் குவாஹாட்டி ஹோட்டலுக்குப் போனார்கள்.
நாலு பேர் திரும்பினார்கள்.
மீதி ஐவருக்கும் ஒன்றும் ஆகவில்லை,
இலாகா கிடைத்தது.

பிறகு ஒரே கதவில் இரண்டு பூட்டு.
க்ளோரிவெல்லின் பூட்டு இரும்பு, ஷான்லாங்கின் பூட்டு பித்தளை.
இரண்டு சாவியும் ஒன்றாக வந்தால்தான் கதவு திறக்கும்,
இரண்டு சாவியும் ஒரே தெருவில் நடக்காது.
உள்ளே என் துடைப்பம் மாட்டிக்கொண்டது.

டில்லி க்னுப்பை முடக்கியது.
ஒரு பிரிவுக்கு மின்விசிறி,
பல் கிட்டிப்போகும் எங்கள் குளிரில், மின்விசிறி!
மற்றதற்குக் காலிஃபிளவர்.
விசிறிக்கு இரண்டு, காலிஃபிளவருக்குச் சுழி.
முப்பத்தோரு தொகுதியில் டெபாசிட் காலி.
கூட்டிப் பார்த்தேன்: என் இருபது வருட வாடகை
அரசாங்க கஜானாவில் கிடக்கிறது.

அப்புறம் சேர்ந்தார்கள். பிரியாணி போட்டார்கள்.
பித்தளைப் பூட்டை அடுப்புக்கரி அறைக்கு வைத்துக்கொண்டேன்.
இரண்டாயிரத்து எட்டில் ஒன்று.
அந்த ஒருவர் சட்டசபையில்
தானே தலைவர், தானே கொறடா,
தன் பேச்சுக்குத் தானே மேசை தட்டினார்.
பதின்மூன்றில் இல்லை. பதினெட்டில் இல்லை.

போன தேர்தலில் ஒரே தொகுதியில் நின்றார்கள்.
இபன்ஷிஷா, பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள்.
க்னுப்பை மீட்டு வேனின் பின்கண்ணாடியில் ஒட்டியிருந்தாள்.
மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு.
எங்கள் சாவடி எண் பதினாலு;
வரிசையில் விரல் வைத்துப் படித்தேன்: ஒன்பது.

என் வீட்டில் மட்டும் பதினோரு ஓட்டு.

ராத்திரி பதினோரு தட்டு வைத்தேன்.
குழம்பு நன்றாக இருக்கிறது என்று
வழக்கத்தைவிட அதிகம் பேர் சொன்னார்கள்.
குறைந்த இரண்டில்
ஒன்று யாருடையது என்று எனக்குத் தெரியும்.
உப்பு எடுக்க அடுப்படிக்குப் போனேன்.

மறுநாள் இபன்ஷிஷா படியேறி வந்தாள்.
மூன்று மாதப் பாக்கி, எல்லாம் பத்து ரூபாய்த் தாள்,
வேன் கட்டணம், பிள்ளைகள் கசக்கியது.
நாற்பத்தைந்து வருடத்தில் முதல் முறை
எண்ணாமல் வாங்கினேன்.
நோட்டில் என்ன எழுதுவது என்று
இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.