நாற்பதாவது சுற்று

குன்னூரில் தண்ணீர் அவசரக்காரி.
தொண்ணூற்று நான்கிலேயே கொதித்துவிடுவாள்.
அழுத்தம் கூட்டித்தான்
நூற்று இருபத்தொன்றுக்கு ஏற்றுகிறேன்.

முதல் மாதிரி
பதினோராம் சுற்றில் பசை விட்டது.
அடுத்தது ஒரே வார்ப்பு: தையலில்லை, ஒட்டில்லை.
நாற்பதாவதில்
ஏழாம் எண் ஆறாகிக் கிடந்தது.

"சுருங்கினது கிடக்கட்டும் சார்."
தினம் முப்பது ஜோடி கழுவுகிற
தியேட்டர் இன்பராணி
செருப்பைக் கவிழ்த்தாள்.
குதிகால் பள்ளத்தில்
கடுகில் பாதி, பழுப்பாக.
"யாரோட ரத்தமோ.
வெந்து செத்துடுச்சு. ஆனா போகலை."

வழுக்காதிருக்க
நான் வெட்டிய பள்ளம் அது.

ஜன்னலை மேகம் அடைத்துவிட்டது.
விளக்கைப் போட்டு
அடிப்பாகத்தை மறுபடி வரைகிறேன்.
பள்ளம் வேண்டும், மூலை கூடாது.
அளவுகோல் போதவில்லை,
"சுண்டுவிரலைக் கொஞ்சம் நீட்டும்மா" என்கிறேன்.