நீல வெளிச்சம்

பதினாலு மாதம் காத்திருந்தோம்.
டீசரில் அந்த ஒரு காட்சி:
ஊரே வரிசையில் நிற்க
ஒரு கிழவர் மட்டும் திரும்பிப் பார்ப்பார்.
அதற்காகத்தான்
பெள்ளன் ஃபேக்டரியில் ஷிப்டை மாற்றிக்கொண்டான்,
கோத்தகிரியிலிருந்து
மேட்டுப்பாளையம் இறங்கினோம்.

திரையில் கி.பி. 2061.
எல்லாம் நீல வெளிச்சம்.
(எங்கள் மலைக்கு அந்தப் பெயர் உண்டு,
அந்த வெளிச்சம் இல்லை.)
சர்வாதிகாரிக்குக் கண்ணாடி மாளிகை, வெள்ளைப் பூனை.
நாட்டையே ஒரு சர்வர் அறையில் பூட்டியிருந்தார்கள்;
நாயகன் ஒயரைப் பிடுங்கினான்,
விடுதலை.
கிழவர் திரும்பிப் பார்த்தது
இருமுவதற்காம்.

பெள்ளன் பாப்கார்னைக்கூட முடிக்கவில்லை.

கடைசி பஸ்
குஞ்சப்பனை செக்போஸ்டில் நின்றது.
டார்ச் அடித்துப் பைகளைத் துழாவி
என் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டார்கள்.
ஓரமாக ஒரு வேன்,
இ-பாஸ் இல்லாத குடும்பம்.
சின்னப் பெண் ஒருத்தி
போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துச்
சிக்னல் தேடிக்கொண்டிருந்தாள்.
பஸ்ஸில் யாரும் எதுவும் கேட்கவில்லை.
நானும்தான்.

பின்னணி இசை இல்லை.
கொண்டை ஊசி ஏறும்போது
பெள்ளன் திரும்பிப் பார்த்தான்,
வெகு நேரம்.
“இருமலா?” என்றேன்.
பதில் சொல்லவில்லை.