ரெண்டு கறவைக்கு நடுவே

மாங்கனிக் கண்காட்சி தொடங்கி எட்டு நாளாச்சு.
எங்கள் வீட்டில் யாரும் யாரோடும் சேர்ந்து போகவில்லை.
முதல் ஞாயிறு மச்சினன் சென்றாயன் போனான்.
ஒரு கறுப்புக் கண்ணாடியும் டெல்லி அப்பளமும் வாங்கிவந்தான்,
மல்லப்பாடியில் பஸ் இறங்குவதற்குள்
அப்பளம் நமத்துப்போயிருந்தது.
செவ்வாய்க்கிழமை மிதுனா, பள்ளிக்கூட வேனில்.
எனக்கு விழுந்தது வியாழன்.
காலை வேலை முடிந்து மூணு மணிக் கறவைக்குள்
பஸ் நேரம் போக மூன்றரை மணி.

நாலு மணிக்கு எழுந்தேன், என்றைக்கும் எழுவதுதான்.
ஏழு உருப்படி, கறவையில் அஞ்சு.
கட்டக்கொம்பி உதைப்பாள், அவளைக் கடைசியில் வைக்கணும்.
ஈரச்சாக்கு போர்த்தினாலும் இந்த ஆனியில்
நாக்கைத் தொங்கவிட்டு நிற்கிறதுகள்.
சொசைட்டி மிஷினில் மூணு புள்ளி நாலு.
"என்னக்கா கலந்த?" என்றான் டெஸ்டர் பையன், சிரிப்போடு.
வெயிலைத்தான் என்றேன்.

கூழ் ஃபேக்டரியிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள்
டிராக்டர் வந்து தோல் கொட்டிப் போகிறது,
பெங்களூரா தோல், நார், கொட்டை.
வாசலெல்லாம் புளித்த வாசம், ஈ.
ஒரு கூடைக்கு மேல் போனால் வயிறு உப்பும்.
போன வருசம் வெள்ளச்சி அப்படித்தான்
விடியும்வரை படுக்காமல் நின்றாள்,
அவள் விலாவைத் தேய்த்துக்கொண்டு நாங்களும்.
அதிலிருந்து தீர்த்தகிரி தானே அளந்து வைக்கிறார்,
கடன்காரனுக்கு எண்ணித் தருவதுபோல.

கண்காட்சியில் அதே மாம்பழம்
ஈரத்துணியால் துடைத்து, பல்பு வெளிச்சத்தில்,
பெயரட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது.
செந்தூரா, பீத்தர், இமாம்பசந்த்.
தொடாதீர்கள் என்று சிவப்பில் எழுதியிருந்தது.
எங்க கட்டக்கொம்பி தினம் ஒரு கூடை தொடுகிறாள்
என்று சொல்லிச் சிரிக்க
பக்கத்தில் ஆளில்லை.

கூட்டமில்லாத மத்தியானம்.
ஒத்தை ஆளை ராட்டினத்தில் ஏற்றமாட்டானாம்.
தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு
ஒரு போலீஸ்காரப் பெண் வந்து உட்கார்ந்தாள்.
"ரெண்டு மணிக்கு டூட்டி மாறுது" என்றாள்.
எனக்கு மூணு மணிக்கு என்றேன்.
எந்த ஸ்டேஷன் என்று கேட்டாள்.

உச்சியில் நிறுத்தினான், கீழே யாரோ ஏறுகிறார்கள்.
மலை தெரிந்தது, நாலுவழிச் சாலையில் லாரிகள்,
அணைப் பக்கம் ஏதோ பளபளப்பு.
எங்கள் ஊர் எந்தத் திக்கு என்று தேடினேன்,
வெறும் தென்னையும் மாவும்.
கம்பியைப் பிடித்திருந்த விரல்கள்
தாமாக இறுகி இறுகித் தளர்ந்தன.
அவள் அதைப் பார்த்தாள்.
பயமா என்று கேட்கவில்லை.
அவள் காலும் விசிலுக்குத் தயாராக இருப்பதுபோல
ஆடிக்கொண்டே இருந்தது.

பஸ் தாமதம். வந்து சேர மூணரை.
தீர்த்தகிரி கட்டக்கொம்பிக்கு அடியில்
காலி வாளியோடு குந்தியிருந்தார்.
"எறக்கமாட்டேங்கிறா."
சேலையைக்கூட மாற்றவில்லை, உட்கார்ந்தேன்.
அவள் தலையைத் திருப்பி முகர்ந்தாள்,
மிளகாய் பஜ்ஜி, டீசல், யாரோ ஒருத்தியின் பவுடர்.
கொஞ்சம் யோசித்தாள்.
வெந்நீர் தொட்டு மடியைத் துடைத்தேன்,
நெற்றியை அவள் விலாவில் சாய்த்துக்கொண்டேன்.
உதைக்கவில்லை.
பிறகு வாளியின் அடியில் முதல் பீச்சு விழுந்த சத்தம்.

"நாளைக்கு நீங்க போங்க" என்றேன்.
"என்ன இருக்கு அங்க?"
"மாம்பழம்தான்."
குப்பையில் கிடந்த தோல் குவியலைப் பார்த்து
அவர் சிரித்தார்.
நானும் சிரித்தேன், காலையில் விட்டுப்போன சிரிப்பு.

ராட்டினத்தை மட்டும் சொல்லவில்லை.
ரோட்டில் பால் வண்டி ஹாரன் அடித்தது.